கூண்டில் வளரும் கடல் விராலும் மரபணுத்தொகுதித் தேர்வும்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில், 2010 மார்ச் மாதம், இந்தியாவில் முதன்முறையாகக் கடல் விரால் மீனைக் காப்பிடத்தில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். அடுத்த ஆண்டே சில்வர் பொம்பானோ என்ற கடல் மீனும் அங்கே குஞ்சு பொரித்தது. அதன் பிறகுதான் தோணித்துறை, முனைக்காடு பக்கம் கடலில் மிதவைக் கூண்டு போடுவது எங்கள் மக்களுக்கு ஒரு தொழிலாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. கடல் விரால் என்று எழுதினாலும் கூண்டு போடுகிறவர்கள் அதைக் கோபியா என்றுதான் சொல்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளாகக் கரையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: குஞ்சு எப்போது கிடைக்கும், எத்தனை கிடைக்கும்? அந்தக் குஞ்சின் தாய் எது, தகப்பன் எது, அவை எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து. மீனின் டி.என்.ஏ.வைப் படித்துத் தாய்மீனைத் தேர்ந்தெடுக்கும் மரபணுத்தொகுதித் தேர்வு, அதாவது ஜீனோமிக் செலக்ஷன், என்ற முறையைப் பற்றி இங்கே எழுத முனைந்ததும் அதனால்தான்.

ஒரே நாளில் ஒரே கூண்டில் விட்ட குஞ்சுகளை ஆறேழு மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், ஒன்று மூன்று கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். பக்கத்தில் கிடப்பது அதில் பாதிகூட இருக்காது. இரை போடும்போது முந்திக்கொண்டு வருகிற மீன் பெருக்கும் என்பது உண்மை. கோபியாவில் பெண் மீன் ஆணைவிடப் பெரிதாக வளரும் என்பதும் உண்மை. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு பகுதி வேறுபாடு மிஞ்சும். அது பெற்றோரிடமிருந்து வந்தது. வளர்ப்பு மீன்கள் பலவற்றில் எடை வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை மரபுவழிப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் தலைமுறைதோறும் நல்ல மீனைத் தாயாக நிறுத்திக்கொண்டே போனால் அந்தச் சிறிய பங்குதான் வட்டிக்கு வட்டி போல ஏறும்.

நோர்வேக்காரர்கள் 1970களின் தொடக்கத்தில் சால்மன் மீனில் இதைச் செய்து காட்டினார்கள். அங்கே ட்ரிக்வே யெட்ரெமும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஷெர்வோல்டும், ஆடு மாடுகளில் நடந்த, உடன்பிறப்புகளின் தரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் குடும்பவழித் தேர்வை மீனுக்குக் கொண்டுவந்தார்கள். தலைமுறைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி கூடியது. நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நோர்வே நாட்டு ஆய்வுக் குழுவோடு சேர்ந்து 1992இல் ரோகு மீனில் தொடங்கிய தேர்வுத் திட்டம், தலைமுறைக்கு ஏறத்தாழ 17 சதவீத வளர்ச்சி முன்னேற்றம் காட்டி, 1997இல் ஜெயந்தி ரோகு என்ற பெயரில் வெளிவந்தது. கடல் மீன் விஷயத்தில் நாம் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறோம்.

அந்தப் பழைய குடும்பவழித் தேர்விலேயே இவ்வளவு கிடைக்கிறதே, டி.என்.ஏ. எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எடையைப் பொறுத்தவரை, எந்த மீனைத் தாயாக நிறுத்தப் போகிறோமோ அதையே தராசில் எடை போட்டுப் பார்க்கலாம். நோய் தாங்கும் திறனை அப்படிப் பார்க்க முடியாது. நோய்க்கிருமியை ஏற்றிச் சோதித்த மீனைத் தாய்மீன் தொட்டிக்குள் கொண்டுவர எந்தப் பொரிப்பகமும் சம்மதிக்காது. சதை எவ்வளவு தேறும், கொழுப்பு எவ்வளவு என்பதை அறுத்தால்தான் அறியலாம். அறுத்த மீன் முட்டையிடாது. எனவே அதன் உடன்பிறப்புகளைச் சோதிப்பார்கள். இருநூறு மீன்களைக் கொண்ட ஒரு குடும்பத்திலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்து, அந்தக் குடும்பம் தேறியதா இல்லையா என்று முடிவு கட்டுவார்கள்.

இதில்தான் இடறல். சோதிக்காமல் மிஞ்சிய உடன்பிறப்புகள் அனைத்துக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் அப்பன் சாடை, ஒருத்தி அத்தை சாடை என்று நாம் சொல்வதில்லையா, மீனிலும் அப்படித்தான். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பாதிப் பாதி வருகிறது என்றாலும், எந்தப் பாதி வருகிறது என்பது ஒவ்வொரு குஞ்சுக்கும் வேறுபடும். கணக்கிட்டுப் பார்த்தால், தேர்வுக்குப் பயன்படக்கூடிய மரபு வேறுபாட்டில் பாதி குடும்பங்களுக்கு இடையிலும், மீதிப் பாதி ஒரே குடும்பத்துக்கு உள்ளேயும் இருக்கிறது. உடன்பிறப்புகளை மட்டும் வைத்து மதிப்பிடும் முறை அந்த உள்பாதியைத் தொடவே இல்லை. ஒரு கோபியா ஒரே ஈட்டில் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது; அத்தனை பிள்ளைகளையும் ஒன்றுபோலக் கருதினால், கையில் இருப்பதில் பாதியைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கும் வழியை 2001இல் தியோ மியூவிசென், பென் ஹேய்ஸ், மைக் கோடார்ட் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை முன்வைத்தது. அப்போது அதற்குத் தேவையான கருவிகள் கையில் இல்லை. கணிப்பொறியில் உருவாக்கிய பாவனைத் தரவுகளை வைத்தே நிறுவினார்கள். அதன் சாரம் இதுதான். டி.என்.ஏ. நெடுகிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் மீனுக்கு மீன் ஓர் எழுத்து மாறி இருக்கும். எஸ்.என்.பி. எனப்படும் இந்த அடையாளங்களை, சிப் எனப்படும் சிறு சோதனைத் தகட்டில் ஒரே தடவையில் படித்துவிடலாம். முதலில் ஒரு பெரிய கூட்டம் மீன்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் எடையையோ நோய் தாங்கிய விவரத்தையோ பதிந்து, அவற்றின் அடையாளங்களையும் படிக்க வேண்டும். இதற்கு ஆதாரக் கூட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்த அடையாளம் எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று அனைத்தையும் சேர்த்து ஒரே சமன்பாட்டில் மதிப்பிட வேண்டும். பிறகு சோதனைக்கே உட்படாத ஒரு மீனின் டி.என்.ஏ.வைப் படித்து, அந்த மதிப்புகளைக் கூட்டினால், அதன் மரபு மதிப்பு கிடைத்துவிடும். உடன்பிறப்புகளுக்குள்ளேயே முதலாவது எது, கடைசி எது என்று பிரித்துவிடலாம்.

மாட்டிலும் மீனிலும் இதன் பயன் வேறு வேறு இடத்தில் இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காளையின் மதிப்பை அதன் மகள்கள் பால் கறக்கும் வரை காத்திருந்து அறிந்த காலம் போய், கன்றாக இருக்கும்போதே டி.என்.ஏ.வை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றானதால், பால் மாடுகளில் மிச்சமானது காலம். அமெரிக்காவில் 2009இலேயே அது அதிகாரபூர்வ மதிப்பீடாகிவிட்டது. மீனில் அந்த அளவுக்குக் காலம் மிச்சமாவதில்லை. மீன் முதிர்ச்சி அடைய வேண்டிய காலம் அடைந்தே தீர வேண்டும். இங்கே மிச்சமாவது துல்லியம், அதுவும் நோய், சதை போன்ற நேரடியாக அளக்க முடியாத குணங்களில். வானவில் டிரவுட் மீனைத் தாக்கும் குளிர்நீர் பாக்டீரியா நோயில், பழைய மதிப்பீட்டைவிட மரபணுத்தொகுதி மதிப்பீடு ஏறத்தாழ இரண்டு மடங்கு துல்லியமாக இருந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள்.

சால்மனைத் தாக்கும் ஐ.பி.என். என்ற வைரஸ் நோயின் கதையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த நோயைத் தாங்கும் திறனில் பெரும்பகுதி டி.என்.ஏ.வின் ஒரே ஓர் இடத்தைச் சார்ந்திருந்ததை 2008, 2009 வாக்கில் ஸ்காட்லாந்து, நோர்வே ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. அந்த ஓர் இடத்தைப் பார்த்தே தாய்மீனைத் தேர்ந்தெடுத்ததில் நோய் வெகுவாகக் குறைந்தது. அது அதிர்ஷ்டம். வளர்ச்சி அப்படிப்பட்டதல்ல, நூற்றுக்கணக்கான இடங்கள் ஒவ்வொன்றும் இம்மியளவு கூட்டியும் குறைத்தும் வருவது. கோபியாவுக்கும் ஒரு மந்திர ஜீன் கிடைத்துவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

முனைக்காட்டில் கூண்டு வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, இது அந்தப் பருத்தி மாதிரி, வேற எதையோ உள்ள ஏத்துன மீனா?" இல்லை. பி.டி. பருத்தியில் வேறோர் உயிரின் ஜீன் உள்ளே வைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்ற அக்வாட்வான்டேஜ் சால்மனும் அந்த வகை. மரபணுத்தொகுதித் தேர்வில் எதுவும் உள்ளே போவதில்லை, வெளியே எடுக்கப்படுவதும் இல்லை. இருக்கிற மீன்களில் எதைத் தாயாக நிறுத்துவது என்று முடிவு செய்வதோடு சரி. அந்த முடிவுக்குக் கண்ணும் தராசும் போதாத இடத்தில் டி.என்.ஏ.வைத் துணைக்கு அழைக்கிறோம். "அப்ப பொலிகாளை பொறுக்குற வேலைதான" என்றார். அதேதான்.

கோபியாவுக்கு இந்த முறை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சால்மன் மீனை வயிற்றைத் தடவி முட்டையைப் பிதுக்கி, ஒரு வாளியில் ஒரு தாய், ஒரு தகப்பன் என்று சேர்க்கலாம். கோபியாவை அப்படிச் செய்வதில்லை. முட்டை முதிர்ந்ததா என்று மெல்லிய குழாய் விட்டு எடுத்துப் பார்த்து, ஹார்மோன் ஊசி போட்டு, ஒரு பெண்ணையும் ஓரிரு ஆண்களையும் ஒரே தொட்டியில் விடுகிறார்கள். அவை தாமாகவே இரவில் முட்டையிட்டுக் கருவுறச் செய்கின்றன. எந்த ஆணின் பிள்ளைகள் எத்தனை என்று தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஆண் முக்கால்வாசிக் குஞ்சுக்குத் தகப்பனாகி இருக்கலாம். பழைய முறையில் குடும்பத்துக்கு ஒரு தொட்டி என்று பிரித்து வளர்த்து, அடையாள வில்லை செருகும் அளவுக்குப் பெரிதாகும் வரை காக்க வேண்டும். அத்தனை தொட்டி கட்ட எந்தப் பொரிப்பகத்தாலும் முடியாது, கட்டினாலும் தொட்டிக்குத் தொட்டி நீரும் இரையும் மாறி, அந்த மாற்றமே குடும்பத்தின் குணம்போலத் தெரியும். டி.என்.ஏ. படிப்பதாக இருந்தால் எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றாகவே வளர்த்து, தாய் தகப்பனைப் பின்னால் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஒன்றாக வளர்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கோபியாக் குஞ்சு தன்னைவிடச் சிறியதைத் தின்னும். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை சல்லடையிட்டு, பெரியது சிறியது எனத் தரம் பிரிப்பார்கள். சிறிய கூட்டத்தைக் கழித்துவிட்டால் சில குடும்பங்களே அடியோடு போய்விடக் கூடும். குஞ்சுப் பருவத்தில் பின்தங்கியது கூண்டில் முந்தாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே ஆதாரக் கூட்டத்துக்கு எல்லாத் தரத்திலிருந்தும் மீன் எடுக்க வேண்டும்.

துடுப்பில் ஒரு துண்டு வெட்டுவது எளிதான வேலை. கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீனை மயக்கி, வால் துடுப்பின் நுனியில் விரல் நகம் அளவுக்குக் கத்தரித்து, எத்தனால் ஊற்றிய சிறு குப்பியில் போட்டு எண் எழுதினால் முடிந்தது. துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் கத்தரியைத் துடைக்க மறந்தால் இரண்டு மீனின் டி.என்.ஏ.வும் கலந்துபோகும் என்பது ஒன்றுதான் எச்சரிக்கை. கடினமானது எடை. கூண்டின் விளிம்பில் கட்டிய வள்ளத்தில் நின்று, தொங்கு தராசில் மாட்டிய துணித் தொட்டிலில் மூன்று கிலோ மீனை வைத்தால், வாடைக்காற்று நாளில் வள்ளம் ஒரு பக்கம் சாய, மீன் ஒரு பக்கம் துள்ள, முள் எங்கும் நிற்காது. ஒருவர் உச்சத்தைப் படிப்பார், இன்னொருவர் நடுவைப் படிப்பார். இந்தப் பிழை முழுவதும் கணக்கில் சூழலின் பங்காகப் போய்ச் சேர்ந்து, மரபுவழிப் பங்கைக் குறைத்துக் காட்டும். எத்தனை ஆயிரம் எஸ்.என்.பி. படித்தாலும், எதிரே நிற்கும் எடைப் பத்தி கோணலாக இருந்தால் விடையும் கோணல்தான். டி.என்.ஏ. படிக்கும் செலவு வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. மீனை ஒழுங்காக நிறுக்கும் செலவு குறையப் போவதில்லை. திட்டம் தீட்டுகிறவர்கள் சிப் வாங்கப் பணம் ஒதுக்குகிற வேகத்தில், மீனைப் பிடித்து நிறுத்து எழுத நான்கு ஆட்களுக்குக் கூலி ஒதுக்க மாட்டார்கள் என்பது என் பயம்.

பெண் பெரிதாக வளரும் என்று மேலே சொன்னேன். கோபியாவை வெளியில் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஆண் பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் எடையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், நல்ல மரபு என்று நினைத்து வெறும் பெண் மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருப்போம். அறுவடையில் வயிற்றைக் கிழிக்கும்போது பார்த்துக் குறித்துக்கொண்டால் ஆதாரக் கூட்டத்துக்கு அது போதும்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கூறு இருக்கிறது. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. எங்களுக்கு வடகடல், தென்கடல். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கி இருக்கும். வாடை வந்தால் நிலைமை மாறும். கலங்கல், நீரோட்டம், வெப்பம் எல்லாமே இரண்டிலும் ஒன்றல்ல. வடகடல் கூண்டில் முதலாவதாக வந்த குடும்பம் தென்கடலில் பத்தாவதாகப் போகலாம். அப்படி வரிசை மாறுமானால், ஒரே இடத்தில் சோதித்து எல்லா இடத்துக்கும் குஞ்சு கொடுப்பது ஏமாற்று. தாய்மீன் ஆகப்போகிறவற்றைக் கரையில் பாதுகாப்பான தொட்டியில் வைத்துக்கொண்டு, அவற்றின் உடன்பிறப்புகளை இரு கடலிலும் விட்டு எடை பார்த்தால், ஒவ்வொரு கடலுக்கும் தனித்தனி மதிப்பு கிடைக்கும். சங்காயம் எனும் விலைபோகாத சிறு மீனைப் போட்டு வளர்க்கிற கூண்டும், மாத்திரைத் தீவனம் போடுகிற கூண்டும்கூட இப்படித்தான் வேறுபடலாம்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் கனவுக் கோட்டை. எல்லா மீனையும் ஆயிரக்கணக்கான அடையாளங்கள் கொண்ட அடர்த்தியான சிப்பில் படிக்க வேண்டியதில்லை. பெற்றோரை மட்டும் அடர்த்தியாகப் படித்து, பிள்ளைகளைச் சில நூறு அடையாளங்களில் படித்தால், இடையில் விடுபட்டவற்றைப் பெற்றோரின் வரிசையைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும் வழி உண்டு. மீன் குடும்பங்கள் பெரியவை என்பதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒருமுறை ஆதாரக் கூட்டம் அமைத்துவிட்டுக் காலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ள முடியாது. தலைமுறை தள்ளத் தள்ள அடையாளத்துக்கும் உண்மையான ஜீனுக்கும் இருந்த தொடர்பு அறுந்துகொண்டே போகும். தலைமுறைக்குத் தலைமுறை புதிதாக எடை போட்டுப் புதிதாகப் படிக்க வேண்டும். மூன்றாண்டு நிதியில் ஓடும் திட்டங்களுக்கு இது ஒவ்வாது.

தேர்வு கூர்மையாகக் கூர்மையாக ஆபத்தும் கூடும். ஒரே தாய் ஒரு மாவட்டத்துக்கே குஞ்சு தரக்கூடிய மீன் இது. மதிப்பெண் பட்டியலின் உச்சியில் நிற்கும் ஒரு குடும்பத்தையே எல்லாரும் விரும்பினால், இரண்டு மூன்று தலைமுறையில் அண்ணன் தங்கையைச் சேர்ப்பதாக முடியும். வளர்ச்சி குன்றும், குஞ்சு பிழைப்பது குறையும். டி.என்.ஏ. கையில் இருப்பதால், எந்த இரண்டு மீன்கள் எவ்வளவு நெருங்கிய உறவு என்று அளந்து, உறவு விலகிய இணைகளை மட்டும் சேர்க்க முடியும். தேர்வுக்கு வாங்கிய கருவியே காவலுக்கும் உதவும். பயன்படுத்த மனம் வேண்டும்.

கூண்டு கிழிந்து மீன் தப்புவதும் நடக்கும். நோர்வேயில் தப்பிய வளர்ப்பு சால்மனின் மரபு பல ஆறுகளின் இயற்கைச் சால்மனில் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கோபியா நம் கடலுக்குரிய மீன். மன்னார் வளைகுடாவில் அதன் இயற்கைக் கூட்டம் இருக்கிறது. இன்று கூண்டில் இருப்பதும் கடலில் இருப்பதும் மரபில் அதிகம் விலகவில்லை என்பதால் தப்புவதால் பெரிய பாதிப்பு இல்லை. பத்துத் தலைமுறை தேர்ந்தெடுத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. தேர்வைத் தொடங்கும் முன்பே கடல் மீனின் துடுப்புத் துண்டுகளைச் சேகரித்துப் பத்திரப்படுத்துவது, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நாமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கடற்கரையில் இறால் பண்ணைகளே சாட்சி. 2009 முதல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. நோய்க்கிருமியற்ற தாய் இறால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்டுப் பொரிப்பகங்களுக்குப் போனது. வேகமாக வளரும் வம்சமா, நோய் தாங்கும் வம்சமா என்று தேர்வு செய்தவர்கள் வேறு நாட்டில், வேறு குளத்து நீரை மனத்தில் வைத்துச் செய்தார்கள். நாம் விலை கொடுத்தோம். கோபியாவிலும் அந்த வழியில் போவதற்கு எனக்கு விருப்பமில்லை.

இப்போது கூண்டுக்காரர்களின் நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், போட்ட இரை கூடைக் கணக்கில் இருக்கும். விற்ற மீன் வியாபாரி போட்ட மொத்தக் கிலோவில் இருக்கும். தனி மீனின் எடை எங்கும் இல்லை. எனவே எங்கள் பக்கத்துக் குழுவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அடுத்த அறுவடையில், மீன் ஐஸ் பெட்டிக்குள் போகும் முன், ஒரு கூண்டிலாவது ஒவ்வொரு மீனையும் கரையில் அசையாத மின்தராசில் நிறுத்து, ஆணா பெண்ணா என்று வயிற்றைப் பார்த்துக் குறித்து, துடுப்புத் துண்டை எண் போட்டு எடுத்துவைக்க வேண்டும். வியாபாரி காத்திருக்க மாட்டார், ஐஸ் உருகும், தாமதத்துக்கு விலையில் கழிப்பார் என்றார் சித்தப்பா. அந்தக் கழிவை யார் ஏற்பது என்பதும், அந்தத் தரவிலிருந்து பிறக்கும் குஞ்சு நாளை விற்பனைக்கு வரும்போது தரவு கொடுத்த கூண்டுக்காரருக்கு என்ன சலுகை என்பதும் எழுத்தில் வந்தால் ஒரு கூண்டு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.